ஜெரோமின் இடது கை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒருவனுடைய இடது கையைப் பார்த்து எடைபோட, பிரெஞ்சு பேசும் எங்கள் நகரின் வட கோடியிலுள்ள கார்ட்டியர்வில் வரை போக வேண்டியிருந்தது. ஜோசியம் இல்லை... பேஸ்பால்!

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஐந்து நாள் எனக்கு அதே நகரின் சென்ட் லோரன்டில் கணினி வேலை. மிச்ச இரண்டு நாள் ஓர் அமெரிக்க அணிக்கு ஸ்கவுட் - கல்லூரிகளில் ஆடுகிறவர்களில் யார் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுவார்கள் என்று பார்த்துச் சொல்கிற ஆள். ஓய்வு? அந்தச் சொல்லைக் கேட்டே நாளாயிற்று.

ஜெரோம் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பிட்ச்சர், அதாவது பந்து எறிகிறவன். மன்னார்க் குடும்பம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். வருகிற ஜூலையில் டிராஃப்ட் - அணிகள் வரிசையாகப் புதியவர்களைப் பொறுக்கி எடுக்கிற நாள். அதில் தன் பெயர் வர வேண்டும் என்பதற்காகத்தான் சின்ன வயதிலிருந்து எறிந்துகொண்டிருக்கிறான். என்னோடு எங்கள் மூத்த ஸ்கவுட் ஸ்டீவும் வந்திருந்தார். அவர் சரியென்றால் அணியில் மறுபேச்சு இல்லை.

காலையில் உள்ளரங்கம் ஒன்றில் எறிந்து காட்டினான். வேகம் இருந்தது. அதைவிட, கடைசி நொடியில் சட்டென்று பக்கவாட்டில் விலகுகிற பந்து ஒன்று... சும்மா சொல்லக் கூடாது, எனக்கே தூக்கம் கலைந்துவிட்டது. வாராவாரம் யாராவது எறிவதைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அப்படி ஒரு பந்து எப்போதாவதுதான் வாய்க்கும். ஸ்டீவ் சூயிங்கத்தை மெல்ல மறந்து நின்றார்.

பிறகு வீட்டுக்குப் போனோம். ஆட்டத்தைப் பார்த்தால் மட்டும் எங்கள் தொழிலில் போதாது. பிள்ளை பொறுப்பானவனா, உடம்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பெற்றோரிடமும் விசாரிக்க வேண்டும். ஏறக்குறைய பெண் பார்க்கப் போவதுதான். என்ன, பஜ்ஜிக்குப் பதில் ரோல்ஸ்!

அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா பிலோமினா, ஒரு கார்டரியில், அதாவது காப்பகத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். தமிழும் பிரெஞ்சும் சரளம், ஆங்கிலம் மட்டு. ஆகவே நடுவில் நான்.

மகன் நல்ல உழைப்பாளியா என்று ஸ்டீவ் கேட்டார்.

"எங்கை தம்பி... சரியான சோம்பேறி. மத்தியானம்தான் எழும்புவான்."

விளையாட்டில் ஆர்வம் எப்படி?

"சும்மா பொழுது போக எறியிறான். இவனை விடக் கெட்டிக்காரர் எத்தினை பேர் இருக்கினம்!"

மொழிபெயர்க்க மொழிபெயர்க்க ஸ்டீவின் முகம் தொங்கிப்போயிற்று. குறுக்கே புகுந்து விளக்கினேன். எங்கள் வீடுகளில் வெளி ஆள் முன்னால் பிள்ளையைப் புகழ மாட்டார்கள். நாவூறு பட்டுவிடும் என்று பயம். எவ்வளவு மட்டம் தட்டுகிறார்களோ, அவ்வளவு பெருமை உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டீவ் விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசியாக, கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"கையோ? நோகுது எண்டு இரவிலை முனகிக்கொண்டு கிடப்பான்."

"அம்மா, அரேற்!" என்று பிரெஞ்சில் அதட்டினான் ஜெரோம். நிறுத்தச் சொல்கிறான். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். "இதுவும் அதே கதைதான்" என்று ஸ்டீவிடம் சொன்னேன். அவர் இன்னொரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டார்.

எத்தனை வீடு, எத்தனை அம்மாக்கள்... எல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு!

புறப்படும்போது ஸ்டீவ் முன்னால் போய்க் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிலோமினா அக்கா ரோல்ஸ் பொட்டலத்தோடு வாசலுக்கு வந்து, கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினார்.

"தம்பி, கை நோகுது எண்டு சொன்னதை அவருக்குச் சொன்னனீங்களோ?"

"அது நாவூறுக்குச் சொன்னதுதானேக்கா?"

"முந்திச் சொன்னதுகள் நாவூறுக்கு. இது மெய். அவன் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன். பகிடி மாதிரியாவது சொல்லுவம் எண்டு பாத்தன்... நீங்கள் சிரிச்சுப் போட்டியள்."

எனக்குக் குளிர் அப்போதுதான் உறைத்தது.

"சொன்னா ஜூலை டிராஃப்ட் போயிடுங்கக்கா."

"போயிடுமோ?" கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு காலமும் உதுக்காகத்தானே தம்பி எல்லாரும் பாடுபட்டனாங்கள்..." பிறகு பொட்டலத்தை என் கையில் திணித்தார். "சொல்லுங்கோ."

காரில் ஏறியதும் ஸ்டீவிடம் சொன்னேன். முதலில் ஸ்கேன், மற்றதெல்லாம் பிறகு என்றார்.

ஸ்கேனில் முழங்கைத் தசைநார் பாதி கிழிந்திருந்தது. இன்னும் எறிந்திருந்தால் மிச்சமும் போயிருக்கும் என்றாராம் டாக்டர். இனி அறுவைச் சிகிச்சை, ஒரு வருடத்துக்கு மேல் ஓய்வு. ஜூலை கைவிட்டுப் போயிற்று. அடுத்த வருடம் எவன் கேட்பான்? யாருக்குத் தெரியும்...

ஜெரோம் போன் செய்தான். "அம்மா எப்பவும் அப்பிடித்தானே அங்கிள் சொல்லுவா? நீங்கள் ஏன் நம்பினனீங்கள்?"

ஒரு பிள்ளையின் கனவைக் கலைத்துவிட்டு எந்த நியாயத்தைப் பேசுவது? இந்த வேலையே அலுத்துவிட்டது.

நேற்று அக்காவிடம் விசாரித்தேன். மகன் இப்போது எப்படி இருக்கிறான்?

"என்னோடை கதைக்கிறானில்லை தம்பி. கதவை மட்டும் அடிச்சு அடிச்சுச் சாத்துறான்." பிறகு சொன்னார்: "நல்லகாலம்... வலக் கையாலை."