நிமிர்த்திய கல்லும் தம்பியின் படகும்

என் தம்பிக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்தபடியே இருக்கும். எங்கள் தீவிலிருந்து அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரே படகு அவனுடையது. இத்தனை வருஷத்தில் அதிலிருந்து ஒரு பொட்டலம்கூடத் தண்ணீரில் விழுந்ததில்லை.

தீவின் மேட்டில் ஒரு குத்துக்கல் நிற்கிறது. எழுத்து தோன்றாத காலத்தில் யாரோ நட்டது, இரண்டு ஆள் உயரம். எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வடக்கே சாய்ந்துதான் இருந்தது. படகு துறைக்குள் நுழையும்போது கல்லின் நுனியும் அதற்குப் பின்னால் தெரியும் பள்ளிக்கூடப் புகைபோக்கியும் நேர்கோட்டில் வர வேண்டும். வந்தால் வழி, தவறினால் பாறை.

விழுந்துவிடும் என்று பயந்து, போன மாதம் கல்லை நிமிர்த்தினார்கள். கயிற்றில் முதல் ஆள் தம்பிதான்.

"குத்துக்கல்லாட்டம் நிக்காம இழுங்கப்பா!" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

நுனி இடம் மாறிவிட்டது என்பது அவனுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் மாலை, பழக்கப்படி நுனியையும் புகைபோக்கியையும் சேர்த்துப் பார்த்து ஓட்டினான். படகு பாறையில் உரசி நின்றது. பின்வாங்கி, கழியால் ஆழம் பார்த்துப் பார்த்து எல்லோரையும் கரை சேர்த்தான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

"கண்ணு தெரியலன்னா சொல்லிடுப்பா, நான் நீந்தியே போயிடுறேன்," என்றார் தபால்காரர்.

அதன்பின் ஒருவரும் ஏறவில்லை. எப்போதோ வரும் சரக்குப் படகுக்குக் காத்துக் கிடந்தார்கள்.

தம்பி தனியாகப் போனான், வந்தான், மறுபடி போனான். கழியை விட்டு ஆழம் பார்ப்பான், கல்லைப் பார்ப்பான், தலையைச் சொறிவான். கரையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நண்பகலில் ஓடி வந்தான்.

"அக்கா, இனிமே புகைபோக்கி இல்ல. பள்ளிக்கூடத்தோட தெக்கு ஓரத்து ஜன்னல். அதுக்கு நேரா நுனி வரணும்."

"நிச்சயமாடா?"

"நிச்சயம். ஆனா எவன் நம்பி ஏறுவான்?"

துறையில் தபால்காரரும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வெளியே போய்த் திரும்பினோம். அவன் ஜன்னலைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சுக்கானை மெல்லத் திருப்பினான். பாறை பக்கத்தில் நழுவிப் பின்னால் போனது.

"இறங்குக்கா."

"இன்னொரு சுத்து போடா."

தபால்காரர் பையைப் படகுக்குள் எறிந்தார். "கொஞ்சம் நகருங்கம்மா, நானும் உக்காரணும்ல?"