போர்டை மறைத்த மரம்

டிரில்லு என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் நாத்தனார் மூத்த பிள்ளையைப் பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. "டிரில்லு வந்துட்டானா?" என்று அவள் புருஷன் வராந்தாவில் யாரையோ கேட்டார். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே இவன் பெயர் என் காதில் விழுந்தது. அவருடைய கூடப்பிறந்த தம்பி, நாத்தனாருக்குக் கொழுந்தன். சுவரில் ஓட்டை போடுகிற வேலை என்றார்கள். ஐயா ஓட்டை போடுவது மரத்தில் என்று பிறகுதான் தெரிந்தது.

உயிரோடு இருக்கிற தெருமரத்தை வெட்ட அனுமதி வேண்டும். பட்டுப்போனதை வெட்ட யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் இவன் பிழைப்பு. அடிமரத்தில் சாய்வாக ஒரு துளை, உள்ளே ஆசிட், மேலே சோப்பை அடைத்து மண்ணைப் பூசிவிடுவான். மரம் தானாகச் செத்ததுபோல் சாகும். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள். ஒருவருக்கு இலை குப்பை, ஒருவருக்குக் காக்கை எச்சம், ஒருவருக்குக் கார் திரும்பவில்லை. ஏதோ இவர்கள் குடிவந்த பிறகு மரம் சொல்லாமல் வந்து நின்றதுபோல.

பல வருஷம் கழித்து நாத்தனார் புருஷன் கை கால் விழுந்து படுக்கையானார். அவர் கிடந்தது தகரம் போட்ட முன்னறையில். வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம்தான் அந்தத் தகரத்துக்குக் குடை. பக்கத்துத் துணிக்கடைக்காரருக்கோ அது போர்டை மறைக்கிற சனியன். டிரில்லுவுக்கு ஆள் அனுப்பினார். அன்று நானும் அங்கேதான் இருந்தேன்.

"தம்பி, உள்ள படுத்திருக்கிறது உங்க அண்ணன். அந்த நிழல் இல்லேன்னா மனுஷன் வெந்துருவாரு" என்றாள் நாத்தனார்.

"ஒரு ஃபேன் போட்டா ஆச்சு அண்ணி."

"ஃபேன் சூட்டைத்தான் சுத்தி விடும்."

"நான் இல்லேன்னா வேற ஒருத்தன் வந்து போடுவான். நம்ம வீட்டு ஆளுன்னா பதவிசா போடுவேன்ல?"

உள்ளேயிருந்து அண்ணன்காரர், "பதவிசா என் தலையிலயே போட்டுடுடா, வேலை சீக்கிரம் முடியும்" என்றார். இவன் அதற்கும் சிரித்தான்.

போட்டான். அடுத்த கோடைக்குள் மரம் மொட்டை. வெட்டி லாரியில் ஏற்றினார்கள். போர்டு பளிச்சென்று தெரிந்தது. கூடவே மேற்கு வெயில் நேராகக் கடைக்குள் இறங்கி, கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய துணியெல்லாம் வெளுத்தது. கடைக்காரர் ஓடிப்போய்ப் பச்சை வலை வாங்கி வந்து முன்னால் கட்டினார். வலை போர்டை முழுசாக மறைத்தது. சும்மா கிடைத்த நிழலைக் கொன்றுவிட்டு பிளாஸ்டிக் நிழலை வாங்கிக் கட்டுகிற இந்தப் பிறவிக்கு ஆறு அறிவாம். மாட்டுக்கு அத்தனை அறிவு கிடையாது, அதனால் மரத்தடியில் ஒதுங்குகிறது.

தகர அறையில் வைத்திருக்க முடியாமல், நாத்தனார் தன் புருஷனை மகள் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். இன்னும் எத்தனை நாளோ என்று மருமகன் முகம் கேட்டுக்கொண்டே இருக்க, சமையலறை ஓரத்தில் அவர் உயிர் போனது. டிரில்லு வந்து நன்றாகவே அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பல்லாம் வெயில் முன்ன மாதிரி இல்ல, காலமே கெட்டுப் போச்சு" என்றான். யாரோ வெளியூர்க்காரன் வந்து கெடுத்துவிட்டுப் போனதுபோல. நாத்தனார் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

டிரில்லு இப்போது மகனுடைய அடுக்குமாடி வீட்டில், ஏழாவது மாடியில் இருக்கிறான். ஜன்னலைத் திறப்பதில்லை, ஏசி ஓடுகிறது.