இரண்டு துடிப்புக்கு நடுவில்

எனக்கு வலி ஒன்றும் வரவில்லை. வரைபடத்தாளில் கோடு படுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நூலின் பருமனை அளந்து தாளில் புள்ளி வைப்பேன். தலைப்பிள்ளை உண்டானதும் வயிற்றையும் அப்படியே அளக்க ஆரம்பித்தேன். இருபத்தெட்டாம் வாரம் இருபத்தாறு சென்டிமீட்டர். முப்பதாம் வாரமும் இருபத்தாறு. முப்பத்திரண்டிலும் அதே.

“ஏட்டி, நூலை அளக்குத மாதிரி பிள்ளையை அளக்குதியே!” என்று மாமியார் சிரித்தார். “சின்ன வயிறுன்னா சுகப்பிரசவம். பிள்ளை பெருத்தாத்தான் கத்தி வைப்பாக.” என் ராத்திரிச் சோற்றில் அவர் ஒரு கரண்டியைக் குறைத்ததும் அதனால்தான்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடம் போனேன். ஸ்கேனிலும் குழந்தை சிறிதாகவே தெரிந்தது.

“எங்க வீட்ல எல்லாரும் குள்ளம்தானே டாக்டர்?”

“சின்னதா இருக்கிறது வேற, பட்டினி கிடக்கிறது வேறம்மா. மதுரைக்குப் போய் டாப்ளர் பாத்திரு.”

டாப்ளர் (ரத்தம் ஓடும் வேகத்தை ஒலி அலைகளால் அளக்கும் ஸ்கேன்) திரையில், தொப்புள்கொடியின் ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் மேடாக எழும்பியது. இரண்டு மேட்டுக்கு நடுவிலும் கொஞ்சம் ஓட வேண்டுமாம். எனக்கு அங்கே ஒன்றுமில்லை. நஞ்சுக்கொடி (குழந்தைக்கு ஊட்டம் தரும் உறுப்பு) ரத்தத்தை உள்ளே விடாமல் எதிர்க்கிறது. குறைத்த சோறு காரணமல்ல. இன்றே சேர வேண்டும் என்றார் மதுரை டாக்டர்.

கூட வந்திருந்த மாமியார் பதறினார். ஒன்பதாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்து, வளையலும் வாங்கியாகிவிட்டது.

“கையில வளையல் ஏறாம ஆசுபத்திரியிலயா படுப்பே? சொந்தக்காரவுக என்ன சொல்லுவாக?”

“என்னமும் சொல்லட்டும் அத்தை. வளையல் காத்துக்கிடக்கும். பிள்ளை காத்துக்கிடக்காது.”

சேர்ந்தேன். குழந்தையின் நுரையீரல் முதிர எனக்கு ஊசி போட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் டாப்ளர். முப்பத்துநாலாம் வாரம் அந்த இடைவெளியில் ரத்தம் பின்னோக்கி ஓடியது. அன்றே அறுவை. மகள் ஒன்றரைக் கிலோ. அழுகை மட்டும் ஆலைச் சங்கு.

உங்கள் வயிற்றைப் பார்த்து யாராவது ‘சின்னதா அழகா இருக்கு’ என்றால் சும்மா சிரித்துவைக்காதீர்கள். எத்தனை வாரம், எத்தனை சென்டிமீட்டர் என்று டாக்டரிடம் கேளுங்கள். வாயாடி என்பார்கள். என்னையும் சொன்னார்கள்.

மகளுக்கு மூன்று வயது. அந்த வளையல்களை உருட்டி விளையாடியே உடைத்துத் தீர்த்தாள். மாமியாரே துண்டுகளைப் பெருக்கி அள்ளினார். மகள் என் மடியில் அயர்ந்தால் என் விரல் தன்னால் அவள் மணிக்கட்டுக்குப் போகிறது. ஒரு துடிப்பு. அடுத்தது வருமுன் உள்ள நேரம் எம்புட்டு நீளம் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை அதற்குள்தான் பசியோடு கிடந்தாள். அதற்குள்ளிருந்துதான் அவளை வெளியே எடுத்தோம்.