ஓக்சொன் அக்காவின் இமைக்கோடு

ஓக்சொன் அக்கா தூங்கிக்கொண்டே பஸ் ஓட்டுகிறார் என்று ஒரு பயணி புகார் கொடுத்துவிட்டார். தென்கொரியாவின் பூசானில், யோங்தோ தீவின் மலைச் சாலைகளில், பத்தொன்பது வருடங்களாக ஒரு கீறல்கூட விழாமல் பஸ் ஓட்டுகிறவர் அவர். மேலாளர் கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தார். வளைவுகளில் அக்காவின் கைகள் ஸ்டியரிங்கை அழகாகத் திருப்பின. ஏறிய பெரியவர் உட்காரும்வரை வண்டி நகரவில்லை. கண்கள் மட்டும் மூடியிருப்பது போலத்தான் தெரிந்தன. மேலாளருக்கே சங்கடமாகிவிட்டது. ஆனாலும் விளக்கக் கடிதம் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டார்.

அன்று மதியம் டிப்போ கேன்டீனில் அக்கா என் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் அங்கே சமைப்பவள்.

"மிரான், நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வர்றேன்."

"சிரிக்கலாமா அக்கா?"

"சிரி. நானே சிரிச்சுட்டேன். அப்புறம் கழிவறைக்குப் போய் கண்ணாடியில பார்த்தேன். அந்தாளு சொன்னதுல தப்பில்ல."

அவருக்குப் பிறவியிலேயே மடிப்பில்லாத இமை. ஐம்பத்தேழு வயதில் மேல்தோலும் தளர்ந்து கண்ணின் மேல் இறங்கிவிட்டது. சிக்னலைப் பார்க்கப் புருவத்தை உயர்த்தி உயர்த்தி நெற்றியில் மூன்று வரிகள் விழுந்திருந்தன.

"டாக்டர்கிட்ட போய்த் தொங்குற தோலை எடுக்கச் சொல்லுங்க. எடுக்கும்போதே இமையில மடிப்பு மாதிரி ஒரு கோடும் போட்டுடுவாங்க" என்றேன்.

அக்கா சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார். "கோடு வேணும்னு எனக்கு இருபது வயசுலயே ஆசை. ஆனா சேபோமுக்குத் தெரியக் கூடாது."

சேபோம் அவருடைய ஒரே மகள். அம்மாவின் அதே கண்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிந்த குளிர்காலத்தில் வகுப்புத் தோழிகள் வரிசையாகப் போய் அந்த மடிப்பை, 'இரட்டை இமை'யை, வைத்துக்கொண்டு வந்தபோது இவளும் கேட்டாள். "உன் கண்ணு இப்படியே அழகு, கத்தி படக் கூடாது" என்று அக்கா மறுத்துவிட்டார். ஒரு மாதம் அம்மாவும் மகளும் பேசவில்லை. இப்போது அவள் சியோலில் செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள்.

நகரின் கடைவீதிப் பகுதியான சொம்யொனில் இருந்த கிளினிக்குக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டர் மெல்லிய கம்பியால் அக்காவின் இமையை அழுத்திக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். கம்பி பட்ட இடத்தில் மடிப்பு விழுந்தது. அக்கா மூச்சு விடாமல் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா வைக்கலாமா டாக்டர்?"

"வைக்கலாம். உங்க முகத்துல அது வேற யாரோட கண்ணோ மாதிரி இருக்கும். சின்னதா வைப்போம்மா. ஒண்ணு சொல்லிடறேன். முதல் வாரம் கண்ணாடி பார்க்காதீங்க. ஒரு மாசம் தடிப்பா இருக்கும். கோடு படிய மூணு மாசம், சிலருக்கு ஆறு மாசம். ரெண்டு கண்ணும் அச்சு அசலா ஒரே மாதிரி வராது."

"இப்பவும் ஒரே மாதிரி இல்லையே" என்றார் அக்கா.

அறுவைச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மரத்துப்போகப் போட்ட ஊசிதான் வலித்ததாம். அதன்பின் இழுப்பது மட்டும் தெரிந்ததாம். நடுவில் மடிப்பைச் சரிபார்க்க எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள்.

"கண்ணைத் திறங்கன்னார். திறந்துதான் வச்சிருக்கேன்னேன். நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கல. வாழ்நாள் முழுக்க இதைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார், கண்மேல் ஐஸ் பையோடு.

மூன்றாம் நாள் இரண்டு கண்களும் வெந்த கொழுக்கட்டைபோல் வீங்கின. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்க முடிந்தது. நான் வீக்கம் வடியப் பூசணிச் சாறும், கஞ்சியும் கொண்டுபோனேன். அப்போதுதான் சேபோமின் வீடியோ அழைப்பு வந்தது. அக்கா அவசரமாகக் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். வீட்டுக்குள், மழை நாளில். மகள் சில நொடிகள் பார்த்தாள். "கழட்டு" என்றாள். கழற்றியதும் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மறுநாள் காலை ரயிலில் வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"என் கண்ணு அழகுன்னு சொன்னியே அம்மா. அதே கண்ணுதானே உனக்கும். அப்ப அது பொய்யா?"

நான் அடுப்பங்கரைப் பக்கம் நகர்ந்தேன். வீடு சின்னது; எல்லாமே கேட்டது.

"பொய் இல்லடி. எனக்குப் பயம். பத்தொன்பது வயசு முகத்துல கத்தி படறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல. பயம்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதான் அழகுன்னு மட்டும் சொன்னேன். அதுவும் நிஜம்தான்."

"பயம்னு சொல்லியிருந்தா நான் கோவிச்சிருக்க மாட்டேன். நீ என்னை ஏமாத்துறதா ஏழு வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அக்கா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார்.

"அழாதே. தையல் இருக்கு" என்று அதட்டினாள் மகள். அழுததென்னவோ அவள்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஐஸ் பையை மாற்றினாள். மூன்று நாள் விடுப்பு போட்டிருந்தாள். தையல் பிரிக்க அவள்தான் அம்மாவைக் கூட்டிப்போனாள்.

இடது கோடு கொஞ்சம் மேலே ஏறி நின்றது. அக்கா தினமும் எனக்குப் படம் அனுப்பினார். பொறுங்கள் என்று சொல்லிச் சொல்லி டாக்டரும் பொறுத்தார், நானும் பொறுத்தேன். மூன்றாம் மாதம் ஏறக்குறைய சமமாகிவிட்டது. இன்றும் இடது பக்கம் ஒரு மயிரிழை உயரம்தான்.

அதற்கு முன்பே, சிகிச்சை முடிந்து மூன்று வாரத்தில் மறுபடி வண்டி எடுத்த அன்று, மீன் கூடையோடு ஏறிய அம்மா ஒருவர் கேட்டாராம்: "அந்தத் தூங்குமூஞ்சி டிரைவர் ஓய்வு வாங்கிட்டாங்களா? பாவம், நல்ல மனுஷி."

"ஆமா, நல்ல மனுஷிதான்" என்று சொல்லிவிட்டு அக்கா கியரைப் போட்டார்.

இலையுதிர் காலத்தில் சேபோமும் அதே டாக்டரிடம் செய்துகொண்டாள். அக்கா அன்று விடுப்பெடுத்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் நன்றாகவே முடிந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேன்டீனில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இப்ப வீட்ல அந்தக் கண்ணு யார்கிட்டயும் இல்ல மிரான். நானே மாத்திட்டு நானே தேடறேன்."

சூரை மீன் கப்பலில் வேலை செய்யும் அவர் கணவர் பதினோரு மாதம் கழித்து அந்தக் குளிர்காலத்தில்தான் வந்தார். அம்மாவும் மகளும் அவரிடம் எதுவும் சொல்லாமல் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். அவர் பையை இறக்கி வைத்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, நெடுநேரம் யோசித்தார்.

"ரெண்டு பேரும் முடி வெட்டிக்கிட்டீங்களா?"

அக்கா இதை எங்களிடம் சொல்லும்போதெல்லாம் சிரிப்பில் பாதியில் நின்றுவிடுவார். நெற்றி வரிகள் இப்போது மங்கிவிட்டன. தலையை நிமிர்த்தாமலே சிக்னல் தெரிகிறதாம். மலை உச்சி வளைவில் திரும்பும்போது கீழே கடல் முழுசாகத் தெரிகிறது என்றும், பத்தொன்பது வருடமாக அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னார்.