பரிணாமத்துக்காக விற்ற கறிபாப்

கெலுகோரில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் தமிழ் இணைய வானொலி இயங்குகிறது. 'நிலையம்' என்று நான் சொல்லும்போது கேட்பவர்கள் பெரிய கோபுரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. உண்மையில் இருப்பது இரண்டு மைக், முட்டை அட்டை ஒட்டிய சுவர், பிறகு நான். விளம்பரம் கிடையாது, கேட்பவர்கள் தரும் பணத்தில்தான் ஓடுகிறது.

அதிலும் பிள்ளைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சி ஓர் அக்கா கிழங்கு மசாலா வைத்துப் பொரிக்கும் கறிபாப்பில் ஓடியது. அவர் எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துபவர். ஆண்டுதோறும் திருவிழாவில் கறிபாப் கடை போட்டு, வருவதை அப்படியே அந்த நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிடுவார்.

இந்த ஆண்டு நான்கு வாரம் பரிணாமம் பற்றிப் பேசுவதென்று முடிவு செய்தேன். அதுவரை வீரம்தான். அடுத்து, நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் பட்டியலில் அந்த நான்கு வாரத்துக்கும் 'நம் வனவிலங்குகள்' என்று தலைப்புப் போட்டேன். கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவன் நான். நம் சனம் எதற்குக் கோபப்படும் என்று எனக்குத் தெரியாதா என்கிற மிதப்பு.

முதல் வாரம் ஒலிபரப்பான மறுநாள் அக்கா மாடியேறி வந்தார்.

"வனவிலங்கு கேட்டேன் தம்பி. புலி வரும், யானை வரும்னு உக்காந்திருந்தேன். என் தாத்தாவோட தாத்தா வந்தாரு."

இந்த நாளுக்கென்றே ஓர் உரை தயாரித்து வைத்திருந்தேன். திருச்சபை இதற்கு எதிரி அல்ல என்று தொடங்கி இரண்டு வாக்கியம் போவதற்குள் அக்கா கை காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் ஃபாதர் எப்பவோ சொல்லிட்டாரு. எனக்கு இன்னும் மனசு ஒப்பல, அதை நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கிறேன். நீ ஏன் தலைப்ப மாத்துன?"

"கோபப்படுவீங்கன்னு..."

"யாரு?"

"நீங்க. நம்ம ஆளுங்க."

"ஓ. காசு குடுக்க மட்டும் நாங்க வேணும். என்னத்துக்குக் குடுக்கிறோம்னு தெரிஞ்சா தாங்க மாட்டோம். இந்த வருஷம் கடை இல்ல தம்பி."

கடை இல்லையென்றால் நிகழ்ச்சி இல்லை. மைக் முன்னால் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிற எனக்கு அப்போது ஒரு வரிதான் வந்தது. "பட்டியலத் திருத்தி, தப்பு என்னோடதுன்னு எழுதி, எல்லாருக்கும் அனுப்புறேன்கா."

அக்கா படியருகில் போய் நின்றார். "அனுப்பு. அனுப்பிட்டு, காசு என்னத்துக்குன்னு கடைக்குப் போர்டும் நீயே எழுது. யாருக்கு இஷ்டமோ வாங்கட்டும்லா."

திருத்திய பட்டியல் அன்றிரவே எல்லாருக்கும் போனது. திருவிழாவன்று போர்டு எழுதினேன்: 'இந்தப் பணம் பிள்ளைகளுக்குப் பரிணாமம் சொல்லும் வானொலி நிகழ்ச்சிக்குப் போகிறது.' எழுத்து சின்னதாக இருக்கிறதென்று அக்கா திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது முறையும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது அட்டையைச் சாலைக்கு அப்பாலிருந்தே படிக்கலாம். நான் அடுப்புக்குப் பின்னால் போய், இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

செபக்குழு அண்ணன் ஒருவர் வந்தார், படித்தார். "இதுக்கு நான் குடுக்க மாட்டேன்மா."

"சரிண்ணே," என்றார் அக்கா. அவ்வளவுதான். அண்ணன் பக்கத்துக் கடைக்கு ஐஸ் போட்ட செண்டோல் குடிக்கப் போய்விட்டார். வானம் இடிந்து விழவில்லை.

அடுத்து வந்தவர் ஒரு டாக்ஸி ஓட்டுநர். "குரங்கு விஷயம் எனக்குச் சரிப்படல. ஆனா எம்பொண்ணு கேக்கட்டும். கேட்டுட்டு வந்து எங்கிட்ட சண்டை போடட்டும். பத்து குடுங்க."

மாலையில் ஒரு தட்டு கறிபாப் மிஞ்சியது. முந்தைய ஆண்டுகளில் மிஞ்சியதே இல்லை. ஆனாலும் நான்கு வாரத்துக்கும் பணம் தேறியது. உண்மைத் தலைப்பைச் சொல்லித் திரட்டிய பணம் என்பதால் இப்போது யாரிடமும் நிமிர்ந்தே கேட்கிறேன்.

கடைசி வாரம் கேட்பவர்களின் கேள்விகளுக்கென்று ஒதுக்கினேன். முதல் அழைப்பு அக்காவுடையது. நாமெல்லாம் மீனிலிருந்து வந்தவர்கள் என்றால் அறுபது வயதில் தனக்கு ஏன் இன்னும் நீச்சல் தெரியவில்லை என்று கேட்டார். முழுதாகப் பத்து நிமிடம் பதில் சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. அடுத்த ஆண்டுத் திருவிழாவில் கடைக்கு இடம் மட்டும் இப்போதே பதிந்து வைத்துவிட்டார்.