மூன்றாவது படிக்கு அடியில் ஓடை மணல்

காலை பத்து மணி பதினொரு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்புக் குண்டூசி. எங்கள் சீஃப் அதைக் காப்புக்காட்டின் நட்டநடுவில் குத்திவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, பெண் பார்க்க வந்தவரைப் போலத் தலையைச் சாய்த்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புரட்டாசி. அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் மாடிதான் எங்கள் அலுவலகம். மலைக்காடுகளில் பூமிக்கு அடியில் ஏதாவது தேறுமா என்று தோண்டாமலே மதிப்பிட்டுச் சொல்வது வேலை. காட்டு ஓடை ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ மணல் எடுப்பார்கள். மேலே இருக்கும் பாறையின் ஜாதகம் ஓடை மணலில் இறங்கி வந்துவிடும் என்பது கணக்கு. அந்த மணலை மொட்டைமாடியில், டிராஃப்ட்ஸ்மேன் ஓடை எண் எழுதிக் கொடுத்த அலுமினிய வில்லைகளோடு தட்டுகளில் வரிசையாகக் காயவைத்து, ஒரு கைப்பிடியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தைப் பையில் கட்டி வைப்போம். எந்த உலோகம் எவ்வளவு என்று எண்கள் வரும். சாதாரண எண்ணுக்குப் பச்சைக் குண்டூசி, கொஞ்சம் கூடினால் மஞ்சள். சிவப்பு டப்பாவை நான் சேர்ந்த இரண்டு வருஷத்தில் யாரும் திறந்ததில்லை. நான் புவியியல் படித்தவன் அல்ல. நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தவனை அறிக்கைகளின் தமிழையும் ஆங்கிலத்தையும் சரிபார்க்கக் கூட்டி வந்திருந்தார்கள்.

"இருபத்தொண்ணாம் நம்பர்," என்றார் சீஃப். "டைட்டானியம், சிர்க்கோனியம் ரெண்டும் எகிறிக் கிடக்கு."

"சுத்தி எல்லாம் பச்சையா இருக்கே சார்," என்றான் மாப்பிள்ளை.

காட்டுக்குப் போய் அந்த மணலை அள்ளி வந்தவன் அவன்தான். தி.நகரில் பெண், மயிலாப்பூரில் மண்டபம், ஐப்பசியில் கல்யாணம். நிச்சயதார்த்தம் ஆன நாளிலிருந்து அலுவலகத்தில் அவனுக்கு வேறு பெயர் இல்லை.

"அதனாலதான் போய்ப் பார்க்கணும். அதே ஓடையில மேலே ஏறி இன்னும் இருபது இடத்துல எடுத்துட்டு வா. நாளன்னிக்கு ரயில்."

"இருபத்து மூணு நாள்ல கல்யாணம் சார்."

"போக வர பதினஞ்சு நாள். தாராளமா இருக்கு."

தாராளமாக இல்லை. ஐப்பசி மழையில் ஓடை ஏறிவிட்டால் அக்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முந்தின வருஷம் அப்படி ஒன்பது நாள் உட்கார்ந்தவனும் மாப்பிள்ளைதான்.

"ஏதோ தப்பு நடந்திருக்கலாம் சார்."

"நடந்திருந்தா காட்டு. இல்லேன்னா கிளம்பு."

தினமும் பதினொன்றரைக்குத் தி.நகரிலிருந்து அவனுக்கு போன் வரும். வழக்கமாக இருபத்தைந்து நிமிடம் பேசுவான், பாதி நேரம் சிரிப்பு. அன்று நான்கு நிமிடத்தில் வைத்துவிட்டான். பிறகு இருபத்தொன்றாம் எண் பையை எடுத்து வந்து, மிச்ச மணலை ஒரு தட்டில் கொட்டினான்.

எங்கள் ஜீப் டிரைவருக்கு வீடு கடலோரத்து ஊரூர் குப்பத்தில். சாவியை மாட்ட உள்ளே வந்தவர் தட்டைப் பார்த்து நின்றார்.

"இன்னா நைனா, எங்க கடக்கரைய இங்க கொட்டி வச்சிகினு கீற?"

"காட்டு ஓடை மணல்ணே அது."

டிரைவர் மணலைக் கிளறி, நகக்கண் அளவு கிளிஞ்சல் துண்டு ஒன்றை எடுத்து மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். "அப்போ இது இன்னா? காட்டுக்கு பஸ் புட்ச்சி போச்சா?"

கடற்கரையில் அலை விட்டுப்போகும் கறுப்புக் கோட்டில் அந்த இரண்டு உலோகமும் உண்டு என்பது முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும். மாப்பிள்ளை தட்டை ஏந்திக்கொண்டு சீஃப் அறைக்கு ஓடினான். ஓடிய வேகத்தில் திரும்பி வரவில்லை.

"கடல் மணல்தான், ஒத்துக்கறேன்," என்று உள்ளே சீஃப் சொல்வது கேட்டது. "அப்ப இருபத்தொண்ணாவது ஓடையோட மணல் எங்கே? அது இல்லாம படத்தை முடிக்க முடியாது. எப்படியும் நீ போயாகணும்."

கீழ்வீட்டில் நவராத்திரிக் கொலு. வீட்டுக்கார மாமி மூன்று நாளாக எங்களைச் சுண்டலுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறு இருபதுக்குச் சீஃபும் மாப்பிள்ளையும் நானும் போனோம். ஏழு படி. படிகளுக்கு முன்னால் தரையில் ஒரு மலை, கண்ணாடித் துண்டில் குளம், இரண்டு பிளாஸ்டிக் புலி, கேழ்வரகு முளைவிட்ட காடு. காட்டோரம் ஒரு பஸ் ஸ்டாப். அதன் கம்பத்தில் சின்ன அலுமினிய வில்லை. வில்லையில் எங்கள் டிராஃப்ட்ஸ்மேனின் கையெழுத்தில் 21.

பிழை திருத்தியவனுக்கு எண்களை இரண்டு தடவை படிக்கும் பழக்கம் உண்டு. இரண்டாம் தடவையும் 21தான்.

"மாமி, இந்த மலைக்கு மண்ணு ஏது?" என்று கேட்டேன்.

"உங்க மண்ணுதான். வடாம் எடுக்க மாடிக்குப் போனேனா, தட்டுல காஞ்சுண்டிருந்தது. மைக்கா பளபளன்னு மின்னித்து. நம்பர் வேற போட்டிருந்தது. இருபத்தொண்ணு நம்ம மயிலாப்பூர் பஸ்ஸாச்சேன்னு அதையும் எடுத்துண்டேன். சும்மா எடுக்கப்படாதுன்னு, போன வருஷக் கொலுவுக்குப் பீச்லேர்ந்து கொண்டுவந்த என் மண்ணை அதே தட்டுல கொட்டினேன். அளந்துதான் கொட்டினேன், ஒரு பிடி குறையாது."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்றார் சீஃப்.

"இதோ நிக்கறானே, இவனைத்தான். போன்ல பேசிண்டிருந்தான். தட்டு மண்ணை எடுத்துக்கட்டுமாடான்னேன், எடுத்துக்கோங்கன்னான். ரெண்டு தரம் கேட்டேன். ரெண்டு தரமும் சிரிச்சான்."

சீஃப் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சுண்டலைப் பார்த்தான்.

மலையில் இருந்த மணலால் பிரயோஜனம் இல்லை. மஞ்சள், குங்குமம், கேழ்வரகு எல்லாம் கலந்திருந்தது. ஆனால் பாதி மணல் மீந்து, அதை அடுத்த வருஷத்துக்கென்று பிஸ்கட் டின்னில் அழுத்தி மூடி வைத்திருப்பதாக மாமி சொன்னார். டின் எங்கே என்றதற்கு, மூன்றாவது படியின் வெள்ளை வேட்டியை ஓரத்தில் தூக்கிக் காட்டினார். பலகையின் இடது மூலைக்கு அந்த டின்தான் முட்டு. பலகை மேல் தசாவதாரம் பத்தும் வரிசையாக நின்றது.

"விஜயதசமியன்னிக்கு ஒரு பொம்மையைப் படுக்க வச்சப்புறம்தான் கலைப்பேன். அதுக்கு முன்னாடி கை வைக்கப்படாது."

விஜயதசமிக்கு ஐந்து நாள் இருந்தது. ரயிலுக்கு இரண்டு.

"கலைக்க வேண்டாம் மாமி. முட்டு மட்டும் மாத்திக்கறோம்," என்றான் மாப்பிள்ளை. மாமி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணப் பையன், போனாப் போறது. ஆனா கொலுவுக்கு வந்தவா பாடாம போப்படாது. உங்க பெரியவரைப் பாடச் சொல்லு."

நான் மாடிக்குப் போய், டின் உயரத்துக்குச் சரியாக வரும்படி எங்கள் பழைய அறிக்கைகளில் இரண்டு தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து வந்தேன். சீஃப் மண்டியிட்டு, பலகை மூலையை இரண்டு கையாலும் நூலளவு தூக்கிப் பிடித்தார். பிடித்தபடி, பள்ளிக்கூடப் பிரார்த்தனை ஒன்றின் முதல் இரண்டு வரியைப் பாடினார். மூன்றாவது வரி வரவில்லை. அதே இரண்டு வரியை மறுபடி பாடினார். நாலாவது சுற்றில் டின் வெளியே வந்து, அறிக்கைகள் உள்ளே போயின. மச்ச அவதாரம் ஒரு தடவை ஆடி நின்றது.

"கொஞ்சம் தடிமனா இருக்கே," என்றார் மாமி.

"மூணு வருஷத்து உழைப்பு மாமி," என்றார் சீஃப், மூச்சு வாங்கிக்கொண்டே.

"முட்டுக்குக் கனமா இருந்தா போறும். நான் என்ன படிக்கவா கேட்டேன்?"

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு மாப்பிள்ளையே டின்னோடு போனான். எண்கள் வரும்வரை அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மாலை ஐந்து மணிக்கு வந்து, காகிதத்தைச் சீஃப் மேஜையில் வைத்தான். டைட்டானியமும் சிர்க்கோனியமும் பக்கத்து ஓடைகளில் இருந்த அளவுதான். சீஃப் இரண்டு முறை படித்துவிட்டு எழுந்து போய், சிவப்புக் குண்டூசியைப் பிடுங்கி டப்பாவில் போட்டு, அதே துளையில் பச்சையைக் குத்தினார். ரயில் டிக்கெட்டைக் கிழிக்காமல், திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி டிரைவரிடம் நீட்டினார். மாப்பிள்ளையிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இனிமே போனை வச்சுட்டு பதில் சொல்லு."

ஐப்பசியில் மயிலாப்பூர் மண்டபத்தில் தாலி கட்டியபோது மணி ஏழு நாற்பத்திரண்டு. வெளியே மூன்றாவது நாளாக மழை பெய்துகொண்டிருந்தது.