நெகிழி என்றால் நெருப்பு

காலை ஆறு பத்து. பென்னாகரம் தாண்டி, நான் தங்கியிருந்த நண்பர் வீட்டுக்குப் பக்கத்துக் கொல்லை. முதலில் கண்ணில் பட்டது யானை லத்தி. அடுத்து, மிதிபட்டுக் கிடந்த ராகிக் கதிர். அறுவடைக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

வரப்பில் மாதம்மாள் நின்றிருந்தார். அவருடைய கொல்லைதான். பக்கத்தில் கணவர் மாரியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தெனமும் கொல்லையச் சுத்தி நெருப்பு போடுவீங்களே... நேத்து போடலீங்களா?" என்று கேட்டேன்.

"அத இவரையே கேளுங்க சார். போன்ல படிச்ச மேதாவி!" என்றார் மாதம்மாள்.

விஷயம் இதுதான். முந்தின நாள் ரோட்டோரம் புது போர்டு வந்திருக்கிறது. 'நெகிழி எரிக்காதீர். மீறினால் நடவடிக்கை.' நெகிழி என்றால் என்ன? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மாரியப்பன் போனில் அகராதியைத் தேடியிருக்கிறார். முதலில் வந்த பொருள் — தீ, கொள்ளிக்கட்டை.

"கவருமெண்டே எரிக்காதன்னு எழுதி வெச்சா, நாம எப்பிடிங்க எரிக்கறது?" என்றார் மாரியப்பன்.

"அது பிளாஸ்டிக்குங்க" என்றேன்.



"பிளாஸ்டிக்கா?" மாதம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "யானைக்கும் ஒரு போர்டு எழுதி வெய்யி. அதுவும் படிச்சுட்டு நேரா காட்டுக்குப் போவட்டும்!"

போன் பொய் சொல்லவில்லை. நெகிழி — ஞெகிழி என்றும் எழுதுவார்கள் — பழந்தமிழில் கொள்ளிக்கட்டைதான். மலையில் தினை காத்தவர்கள் யானையை விரட்டக் கையில் எடுத்தது அதைத்தான். நெகிழ்ந்து கொடுக்கிற பொருள் என்று பிளாஸ்டிக்குக்கு அந்தப் பெயரை வைத்தது நம் காலம். நல்ல பெயர்தான். ஆனால் அதில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தாரே... யார் விசாரித்தார்கள்?

புதுச் சொல் எழுதுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? பக்கத்திலேயே கடைத்தெருச் சொல்லையும் எழுதிவிட்டால் போயிற்று.

அன்று இருட்டும் முன்பே மாதம்மாள் நான்கு மூலையிலும் விறகு அடுக்கிவிட்டார். யானை வரவில்லை. இரண்டு நாள் கழித்து, மிச்சமிருந்ததை அறுத்தார்கள்.

போன வருஷம் அந்தக் கொல்லையில் ஒன்பது மூட்டை ராகி. இந்த வருஷம் மூன்று.